பனிப்போர் வரலாற்றை நடுவிலிருந்து படிப்பது எப்படி

பனிப்போரைப் பற்றி முறையாகப் படிக்க வேண்டும் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். 1945-ல் ஆரம்பிப்பார்கள், யால்டா, போட்ஸ்டாம், ட்ரூமன் கொள்கை, மார்ஷல் திட்டம், நேட்டோ, வார்சா ஒப்பந்தம் என்று பெயர்களும் தேதிகளும் வரிசை கட்டி வரும், 1955-ஐத் தாண்டுவதற்குள் கொட்டாவி வந்துவிடும். தேர்வுக்குப் படிக்கிறவர் என்றால் அப்புறம் மனப்பாடம்தான், மற்றவர்கள் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிடுவார்கள். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஏறக்குறைய 45 வருடம் முறைத்துக்கொண்டு நின்ற கதையை வரிசையாகப் படித்தால், எதற்காக இவ்வளவு பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்கிறோம் என்பதே பாதி தூரம் போகும்வரை பிடிபடாது.

என் யோசனை, நடுவில் இறங்குங்கள். 1962 அக்டோபரின் கடைசி இரண்டு வாரங்கள், கியூபா ஏவுகணை நெருக்கடி. அங்கே காலை ஊன்றிக்கொண்டு, எழுகிற கேள்விகளைப் பிடித்து முதலில் பின்னால் போங்கள், அப்புறம் முன்னால் வாருங்கள். கூடவே, படிக்கும் ஒவ்வொரு சம்பவத்திலும் ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்: அன்றைய தேதியில் இவர்களுக்கு அவர்களைப் பற்றி என்ன தெரியும்? முதலாளித்துவத்துக்கும் கம்யூனிசத்துக்கும் நடந்த மோதல் என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அது தப்பில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஏன் 1962-ல் அது உச்சத்துக்குப் போனது, ஏன் 1963-ல் தணிந்தது, ஏன் 1983-ல் திரும்பப் பற்றிக்கொள்ளப் பார்த்தது என்பதற்கெல்லாம் பதில் சொல்ல முடியாது. எதிராளியிடம் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது பயம் ஏறியது, எட்டிப் பார்க்க வழி கிடைத்தபோது இறங்கியது, தப்பாகப் பார்த்த இரண்டு மூன்று இரவுகளில் எல்லாருடைய கதையும் முடிந்திருக்கும். இந்தக் கோணத்தைப் பிடித்துக்கொண்டால் தேதிகள் தானாக ஒட்டிக்கொள்ளும்.

முதலில் உருண்டையைத் திருப்புங்கள்

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அமெரிக்கா இடது ஓரம், ரஷ்யா வலது பக்கம், நடுவில் அட்லாண்டிக்கும் ஐரோப்பாவும். அந்தப் படத்தை வைத்துப் படித்தால் இந்தப் பகை முழுக்க பெர்லினைச் சுற்றியே நடந்த மாதிரி இருக்கும். கைபேசியில் கூகுள் எர்த்தைத் திறந்து வட துருவம் நடுவில் வரும்படி திருப்பிப் பாருங்கள். இரண்டு நாடுகளும் ஆர்க்டிக் கடலின் எதிரெதிர்க் கரைகள். பேரிங் நீரிணையில் ரஷ்யாவின் பெரிய டையோமீட் தீவுக்கும் அமெரிக்காவின் சின்ன டையோமீட் தீவுக்கும் நடுவே 4 கிலோமீட்டர்கூட இல்லை. குண்டுவீச்சு விமானங்கள் துருவத்தைத் தாண்டித்தான் வரும் என்பதால்தான் 1950-களில் கனடாவின் வட கோடிப் பனியில் ரேடார் நிலையங்களை வரிசையாகக் கட்டினார்கள். பிறகு கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் வந்தன, அவையும் அதே வழிதான், வந்து சேர ஏறத்தாழ அரை மணி நேரம். இந்த அரை மணியை மனதில் வையுங்கள். துருக்கியிலிருந்து மாஸ்கோவுக்கோ கியூபாவிலிருந்து வாஷிங்டனுக்கோ என்றால் அது இன்னும் சுருங்கிவிடும், 1962-ன் களேபரம் எல்லாம் அந்தச் சில நிமிடங்களைப் பற்றியதுதான்.

நோட்டில் ஒரு கோடு

ஒரு நோட்டை எடுத்து, பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாகக் கோடு போடுங்கள். இடது பக்கம், அன்று வாஷிங்டனுக்குத் தெரிந்தது. வலது பக்கம், அன்று மாஸ்கோவுக்குத் தெரிந்தது. பக்கத்தின் அடியில் இன்னொரு கோடு, அதற்குக் கீழே இன்று நமக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் முறை. அந்தக் கீழ்ப் பகுதியில் உள்ளதை மேலே ஏற்றிவிடக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருங்கள், பின்னால் நடந்ததை வைத்துக்கொண்டு முன்னால் இருந்தவர்களை முட்டாள்கள் என்று சொல்லும் பழக்கம் நம்மை அறியாமலே வரும்.

பழகிப் பார்க்க ஒரு சின்னச் சம்பவம். 1945 ஜூலை 24, போட்ஸ்டாம் மாநாடு. எட்டு நாள் முன்பு, ஜூலை 16 அன்று, நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு சோதனை வெற்றி. அன்றைய கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்துகொண்டிருக்கும்போது அமெரிக்க அதிபர் ட்ரூமன், தன் மொழிபெயர்ப்பாளரைக்கூடக் கூப்பிடாமல், மேசையைச் சுற்றி ஸ்டாலினிடம் போய், எங்களிடம் அசாதாரண அழிவுச் சக்தி கொண்ட புது ஆயுதம் ஒன்று இருக்கிறது என்று போகிற போக்கில் சொல்வதுபோலச் சொல்கிறார். ஸ்டாலின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சந்தோஷம், ஜப்பான் மேல் நன்றாகப் பயன்படுத்துங்கள் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச தூரத்தில் நின்று கவனித்துக்கொண்டிருந்த சர்ச்சில், இவருக்கு விஷயமே புரியவில்லை என்று முடிவு கட்டினார். இதை நோட்டில் ஏற்றுங்கள். இடது பக்கம்: ஸ்டாலினுக்கு ஒன்றும் தெரியாது. வலது பக்கம்: அணுகுண்டு உருவான லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கிளாஸ் ஃபுக்ஸ் போன்ற உளவாளிகள் வழியாக எல்லாம் தெரியும், ஆனால் தெரியும் என்று காட்டிக்கொள்ளக் கூடாது.

இதற்கு நேர் எதிர்ப் பக்கம் நான்கு வருடம் கழித்து. 1949 ஆகஸ்ட் 29 அன்று கஜகஸ்தானின் செமிபலாட்டின்ஸ்கில் சோவியத்தின் முதல் அணுகுண்டு வெடித்தது. அவர்களுக்கு 1953 வாக்கில்தான் குண்டு கைக்கு வரும் என்பது அமெரிக்க உளவுத்துறையின் கணக்கு. செப்டம்பர் தொடக்கத்தில் பசிபிக்கின் வடக்கே பறந்த வானிலை ஆய்வு விமானம் ஒன்றின் வடிகட்டித் தாளில் கதிரியக்கத் தூசி சிக்கியது, செப்டம்பர் 23-ல் ட்ரூமன் உலகத்துக்கு அறிவித்தார். வெடித்தவர்கள் வாயைத் திறக்கவில்லை, மோப்பம் பிடித்தவர்கள்தான் சொன்னார்கள்.

1962 அக்டோபர் 27, சனிக்கிழமை

இப்போது நடுவுக்கு வருவோம். பின்னணி சுருக்கமாக: அக்டோபர் 14-ல் யு-2 உளவு விமானம் கியூபாவின் சான் கிறிஸ்டோபல் பகுதியில் சோவியத் ஏவுகணைத் தளம் கட்டுவதைப் படம் பிடித்தது. 16-ம் தேதி காலை அமெரிக்க அதிபர் கென்னடியின் மேசைக்குப் படங்கள் வந்தன. 22-ம் தேதி தொலைக்காட்சியில் அறிவிப்பு. 24-ம் தேதி முதல் கடல் முற்றுகை. 28-ம் தேதி சோவியத் தலைவர் குருஷேவ் ஏவுகணைகளைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று மாஸ்கோ வானொலியில் சொல்லிவிட்டார். இந்தப் பதின்மூன்று நாளில் மற்றவற்றை வேகமாகப் படித்துவிடலாம், 27-ம் தேதிக்கு மட்டும் ஒரு வாரம் ஒதுக்குங்கள், அது அவ்வளவு பெறும்.

அன்றைக்கு என்னென்ன நடந்தது என்று பாருங்கள். முந்தைய நாள் குருஷேவிடமிருந்து நீளமாக, உருக்கமாக ஒரு கடிதம்: போர் என்ற முடிச்சு போட்ட கயிற்றின் இரண்டு முனைகளையும் நாம் இழுக்கக் கூடாது, இழுக்க இழுக்க முடிச்சு இறுகும் என்கிற தொனி. அதற்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் 27 காலை மாஸ்கோ வானொலியில் இன்னொரு கடிதம், துருக்கியில் நீங்கள் வைத்திருக்கும் ஜூபிட்டர் ஏவுகணைகளையும் எடுக்க வேண்டும் என்று கறாராக. வாஷிங்டனில் குழப்பம்: இரண்டையும் எழுதியது ஒரே ஆள்தானா, மாஸ்கோவில் ஆட்சி கைமாறிவிட்டதா?

அதே நாள், அலாஸ்காவிலிருந்து கிளம்பி வட துருவத்தின் பக்கம் காற்றின் மாதிரிகளைச் சேகரிக்கப் போன வேறொரு யு-2, துருவ ஒளி கண்ணைக் கட்டியதில் நட்சத்திரங்களை வைத்து வழி கணிக்க முடியாமல் சோவியத்தின் சுக்கோட்கா வானுக்குள் நுழைந்துவிட்டது. ஓட்டியவர் மால்ட்ஸ்பி. அவரைப் பிடிக்க மிக் விமானங்கள் ஏறின, அவரைக் காப்பாற்ற அலாஸ்காவிலிருந்து அமெரிக்கப் போர் விமானங்கள் ஏறின, அந்த நெருக்கடியில் அவற்றில் பொருத்தியிருந்தது அணு முனை ஏவுகணைகள். மாஸ்கோவின் கண்ணுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்று வலது பக்கத்தில் எழுதுங்கள்: போருக்கு முந்தைய கடைசி வேவு என்று நினைக்க எல்லா நியாயமும் இருந்தது.

அதே நாள் கியூபாவின் மேலே மூன்றாவது யு-2. மேஜர் ருடால்ஃப் ஆண்டர்சனின் விமானத்தைச் சோவியத் ஏவுகணை ஒன்று வீழ்த்தியது, அவர் இறந்தார். மாஸ்கோ வேண்டுமென்றே அடுத்த படிக்குப் போகிறது என்று இடது பக்கத்தில் எழுத வேண்டும். மாஸ்கோ அப்படி உத்தரவே போடவில்லை, கியூபாவில் இருந்த சோவியத் தளபதிகள் தாங்களாக எடுத்த முடிவு அது.

அதே நாள் கடலுக்கு அடியில் பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பல். மின்கலம் தீர்ந்துகொண்டிருக்கிறது, உள்ளே வெப்பம் 45 டிகிரிக்கு மேல், பல நாட்களாக மாஸ்கோவோடு சரியான தொடர்பு இல்லை. மேலே வா என்று சைகை காட்ட அமெரிக்கக் கப்பல்கள் சிறு வெடிகளைப் போடுகின்றன. இப்படிச் சைகை காட்டுவோம் என்று வாஷிங்டன் மாஸ்கோவுக்கு முன்பே சொல்லியிருந்தது, அந்தத் தகவல் கப்பலுக்குப் போய்ச் சேரவில்லை. உள்ளே இருப்பவர்களுக்கு மேலே போர் ஆரம்பித்துவிட்டதா இல்லையா என்பதே தெரியாது. அந்தக் கப்பலில் அணு முனை பொருத்திய டார்பிடோ ஒன்று இருந்தது, அது அமெரிக்கர்களுக்குத் தெரியாது. கேப்டன் சவிட்ஸ்கி கொதித்துப்போய் அதைத் தயார் செய்யச் சொன்னார் என்றும், வசீலி ஆர்கிபோவ் என்ற இன்னொரு அதிகாரிதான் அவரை அமைதிப்படுத்தினார் என்றும் உடனிருந்தவர் பின்னாளில் சொன்னார். இதை வெளியே எல்லாரும் பேச ஆரம்பித்ததே 2002-ல்தான்.

இன்னும் ஒன்று பாக்கி. கியூபாவுக்குள் படையோடு நுழைந்துவிடலாம் என்று கென்னடியின் தளபதிகள் அழுத்திக்கொண்டிருந்தார்கள். தீவில் பத்தாயிரம் சோவியத் வீரர்கள் வரை இருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு, இருந்தவர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல். குறுந்தூர லூனா ஏவுவாகனங்களை வானிலிருந்து எடுத்த படங்களில் பார்த்திருந்தார்கள், அவற்றுக்கான அணு முனைகளும் தீவுக்கு வந்துவிட்டன என்பது தெரியாது. அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா அதைத் தெரிந்துகொண்டது முப்பது வருடம் கழித்து, 1992 ஜனவரியில் ஹவானாவில் நடந்த கருத்தரங்கில். கரையிறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நோட்டின் கீழ்ப் பகுதியில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மாலை அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டோப்ரினினைச் சந்தித்து, துருக்கி ஏவுகணைகளைச் சில மாதங்களில் எடுத்துவிடுவோம், ஆனால் வெளியே சொல்லக் கூடாது என்றார். மறுநாள் நெருக்கடி முடிந்தது, அடுத்த ஏப்ரலில் ஜூபிட்டர்களும் துருக்கியை விட்டுப் போயின. இந்தப் பேரத்தைப் பல வருடம் மறைத்தார்கள், கென்னடி அசையாமல் நின்றார், குருஷேவ் பின்வாங்கினார் என்றே எல்லாப் பக்கமும் எழுதினார்கள். ராபர்ட் கென்னடியின் நினைவுக் குறிப்புகளைப் பதிப்பித்த, அதிபர் கென்னடியின் ஆலோசகராக இருந்த சோரென்சன், அதில் இருந்த அந்தப் பகுதியைத் தானே மாற்றியதாக 1989-ல் மாஸ்கோவில் நடந்த கூட்டத்தில் ஒப்புக்கொண்டார். பழைய பாடப் புத்தகங்களில் இன்னும் அந்தப் பழைய கதைதான் ஓடிக்கொண்டிருக்கிறது, கவனம்.

பின்னால் போவது

சரி, அந்தச் சனிக்கிழமையில் நின்றுகொண்டு முதல் கேள்வி: குருஷேவ் ஏன் ஏவுகணையைக் கொண்டுபோய்க் கியூபாவில் வைத்தார்? ஒரு பதில் 1961 ஏப்ரலில் கிடைக்கும். அமெரிக்கா பயிற்சி கொடுத்து அனுப்பிய கியூபா அகதிகளின் படை பன்றிகள் வளைகுடாவில் இறங்கித் தோற்றது, மறுபடி வருவார்கள் என்று கியூபாவின் தலைவர் காஸ்ட்ரோவும் குருஷேவும் நினைத்தார்கள். இன்னொரு பதில் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது, அதற்கு 1957 வரை போக வேண்டும்.

1957 அக்டோபர் 4-ல் ஸ்புட்னிக் பறந்தது. செயற்கைக்கோளைத் தூக்கும் ராக்கெட் குண்டையும் தூக்கும் என்பது எல்லாருக்கும் புரிந்தது. தொத்திறைச்சி எந்திரத்திலிருந்து வருவதுபோல எங்கள் ஏவுகணைகள் வரிசையாக வருகின்றன என்று குருஷேவ் அளந்துவிட்டார். அமெரிக்கா நம்பியது. சோவியத் முந்திவிட்டது, நாம் ஏவுகணையில் பின்தங்கிவிட்டோம் என்பது 1960 தேர்தலில் கென்னடியின் பிரசாரங்களில் ஒன்று. நிஜத்தில் சோவியத்திடம் தயாராக இருந்த கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

பொய் எப்படி உடைந்தது என்பது இன்னும் சுவாரசியம். 1956 முதல் யு-2 விமானங்கள் சோவியத் வானில் சுட முடியாத உயரத்தில் பறந்துகொண்டிருந்தன. 1960 மே 1 அன்று பெஷாவரிலிருந்து கிளம்பிய கேரி பவர்ஸின் விமானத்தை ஸ்வெர்ட்லோவ்ஸ்க் அருகே வீழ்த்தினார்கள். விமானி செத்திருப்பார் என்ற நம்பிக்கையில் அது வானிலை ஆய்வு விமானம் என்று வாஷிங்டன் சொன்னது. ஆள் உயிரோடு எங்களிடம்தான் இருக்கிறார் என்று குருஷேவ் அப்புறம் சொன்னார், அவமானம். பாரிஸில் நடக்க வேண்டிய உச்சி மாநாடு அதில் கவிழ்ந்தது. ஆனால் அதே ஆகஸ்டில் அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் தன் படச்சுருளை ஒரு பெட்டியில் போட்டு பாராசூட்டில் இறக்க, பசிபிக் மேலே பறந்த விமானம் கொக்கி போட்டு அதை வானிலேயே பிடித்தது. அந்த ஒரே பெட்டியில், அதுவரை யு-2 பறந்த எல்லாப் பயணங்களையும் விட அதிகமான சோவியத் நிலப்பரப்பு பதிவாகியிருந்தது.

இதன் பலன் 1961 அக்டோபர் 21-ல் தெரிந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துணை அமைச்சர் கில்பாட்ரிக் ஒரு மேடையில், நாங்கள்தான் வெகுவாக முந்தியிருக்கிறோம், அது எங்களுக்குத் தெரியும் என்று பொருள்படப் பேசினார். ஒன்பது நாள் கழித்து நோவயா ஜெம்ல்யா தீவில் சோவியத் 50 மெகாடன் குண்டை வெடித்தது, உலகத்தில் இதுவரை வெடித்ததிலேயே பெரியது. அதற்கான ஏற்பாடு முன்பே தொடங்கிவிட்டது என்பதால் அதை அந்தப் பேச்சுக்குப் பதில் என்று எழுதிவிடாதீர்கள், பலர் எழுதுகிறார்கள். ஆனால் வலது பக்கத்தில் குருஷேவின் நிலைமையை எழுதிப் பாருங்கள்: அளந்த பொய் வெளுத்துவிட்டது, நீண்ட தூர ஏவுகணை கைவசம் குறைவு, நடுத்தர தூர ஏவுகணை நிறைய இருக்கிறது, கியூபா அமெரிக்கக் கரையிலிருந்து 150 கிலோமீட்டர். அடுத்த வருடம் அவர் செய்ததைச் சரி என்று சொல்லவில்லை, ஆனால் அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியாது.

இதே மாதிரி பெர்லின் சுவரை (1961 ஆகஸ்ட் 13) பிடித்துக்கொண்டு 1948 முற்றுகைக்கும், துருக்கி ஏவுகணையைப் பிடித்துக்கொண்டு கிரீஸுக்கும் துருக்கிக்கும் அமெரிக்கா உதவ முன்வந்த 1947-ன் ட்ரூமன் கொள்கைக்கும் போகலாம். 1946-க்குப் போகும்போது ஒரு காரியம் மட்டும் தவறாமல் செய்யுங்கள். பிப்ரவரியில் மாஸ்கோவிலிருந்த அமெரிக்க அதிகாரி கென்னன் வாஷிங்டனுக்கு அனுப்பிய நீண்ட தந்தியையும், செப்டம்பரில் வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதர் நோவிகோவ் மாஸ்கோவுக்கு அனுப்பிய தந்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எதிராளி உலகத்தைப் பிடிக்கப் பார்க்கிறான், நாம் தற்காப்பில் இருக்கிறோம் என்று இரண்டும் ஒரே குரலில் சொல்வதைப் பார்க்கலாம்.

முன்னால் வருவது

சனிக்கிழமையிலிருந்து இந்தப் பக்கம் திரும்பினால் முதலில் வருவது ஹாட்லைன். நெருக்கடியின்போது தன் ரகசியத் தந்திகளை எடுத்துப்போக வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனத்தின் ஆள் சைக்கிளில் வருவார், அவர் நேராகப் போகிறாரா வழியில் நிற்கிறாரா என்று கவலைப்பட்டோம் என்கிற மாதிரி டோப்ரினின் பின்னாளில் சொல்லியிருக்கிறார். உலகம் அழியலாமா என்ற பேச்சு சைக்கிளில் போயிருக்கிறது! 1963 ஆகஸ்ட் 30-ல் நேரடித் தொடர்பு வந்தது. சினிமாவில் காட்டும் சிவப்பு டெலிபோன் கிடையாது, டெலிபிரிண்டர். எல்லா ஆங்கில எழுத்தும் வருகிற, தட்டச்சு வகுப்பில் அடிக்கும் அந்த நரி வாக்கியம்தான் வாஷிங்டன் அனுப்பிய முதல் சோதனைச் செய்தி. அதே மாதம் காற்றிலும் நீரிலும் விண்வெளியிலும் அணு சோதனை கூடாது என்ற ஒப்பந்தம்.

அதற்கு அடுத்து வரும் ஒப்பந்தங்களின் சுருக்கப் பெயர்களை மனப்பாடம் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் பார்ப்பதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடுங்கள். 1972 மே மாதம் நிக்சனும் பிரெஷ்னேவும் கையெழுத்திட்டதில், ஒருவரின் செயற்கைக்கோள் கண்காணிப்பில் மற்றவர் குறுக்கிடக் கூடாது, அதிலிருந்து மறைக்கவும் கூடாது என்று இருக்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் பார்த்ததற்காக விமானத்தைச் சுட்டவர்கள், பார்த்துக்கொள் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். நடுத்தர தூர ஏவுகணைகளை ஒழிக்க 1987 டிசம்பரில் ரீகனும் கோர்பச்சேவும் போட்டது இன்னும் ஒரு படி மேலே. வோட்கின்ஸ்க் ஏவுகணைத் தொழிற்சாலை வாசலில் அமெரிக்கப் பார்வையாளர்கள், யூட்டா மாநிலத்தின் மாக்னாவில் தொழிற்சாலை வாசலில் சோவியத் பார்வையாளர்கள். 1991 நடுப்பகுதிக்குள் இரண்டு பக்கமும் சேர்த்து 2,692 ஏவுகணைகளை உடைத்தார்கள்.

நடுவில் 1983. இதையும் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். செப்டம்பர் 1-ல் வழி தவறிய கொரிய பயணிகள் விமானத்தைச் சோவியத் சுட்டதில் 269 பேர் இறந்தார்கள். அந்தச் சூட்டோடு செப்டம்பர் 26 நள்ளிரவு தாண்டியதும், மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 நிலையத்தில் எச்சரிக்கை ஒலித்தது: அமெரிக்காவிலிருந்து ஒரு ஏவுகணை, பிறகு இன்னும் நான்கு. பணியில் இருந்தவர் ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ். தாக்க நினைப்பவன் ஐந்தே ஐந்தை விடுவானா, தரை ரேடாரில் ஒன்றும் இல்லையே என்று யோசித்து, தவறான எச்சரிக்கை என்று மேலே சொன்னார். மேகத்தில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்கப் பக்கமும் சளைத்ததில்லை. 1979 நவம்பர் 9-ல் பயிற்சிக்கான நாடா ஒன்று எச்சரிக்கைக் கணினிக்குள் ஓடி, நிஜத் தாக்குதல் என்று திரையில் வந்தது. 1983 நவம்பரில் நேட்டோ நடத்திய ஏபிள் ஆர்ச்சர் என்ற அணுப் போர் ஒத்திகையைப் பார்த்து மாஸ்கோ எவ்வளவு பயந்தது என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், ஒரு பக்கம் சாயாமல் இரண்டு வாதங்களையும் எழுதி வையுங்கள்.

செத்தவர்கள் எந்தப் பத்தியில் வருவார்கள்

இந்த இரண்டு பத்தி நோட்டில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. வாஷிங்டனும் மாஸ்கோவும் மட்டும் பேசும். உயிர் போனது பெரும்பாலும் வேறு இடங்களில், கொரியா, வியட்நாம், அங்கோலா, ஆப்கானிஸ்தான். ஆகவே ஒவ்வொரு பத்துப் பக்கத்துக்கும் ஒரு பக்கத்தைக் கோடு போடாமல் விட்டு, நடந்த இடத்தின் பெயரைத் தலைப்பாகப் போட்டு அங்கே இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்று எழுதுங்கள். 1954 மார்ச் 1-ல் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டு கணக்கிட்டதைவிட இரண்டரை மடங்கு பெரிதாக வெடித்து, தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின் மேல் சாம்பல் விழுந்தது. படகில் வானொலிக் கருவியை இயக்கிய குபோயாமா செப்டம்பரில் இறந்தார். அவருக்கு எந்த அணியும் கிடையாது.

இரண்டு வல்லரசுகளும் நேருக்கு நேர் சுட்டுக்கொள்ளவே இல்லை என்ற வாக்கியத்தையும் நம்பாதீர்கள். கொரியப் போரில் சோவியத் விமானிகள் வேற்று நாட்டு அடையாளம் போட்ட மிக்-15 விமானங்களில் பறந்து அமெரிக்கர்களோடு சண்டை போட்டார்கள். அமெரிக்காவுக்கும் தெரியும். வெளியே சொன்னால் போர் பெரிதாகிவிடும் என்று இரண்டு பேருமே பேசாமல் இருந்துவிட்டார்கள்.

நம் ஊர்ப் பக்கம்

இந்தியாவை இதில் எங்கே வைப்பது என்றால், கூட்டுசேராமை என்று ஒரு வரியில் தாண்டாமல் இரண்டு தேதிகளை எடுங்கள். 1962 அக்டோபர் 20-ல் சீனா எல்லையில் தாக்கியது, கியூபா நெருக்கடி வெளியே தெரிவதற்கு இரண்டு நாள் முன்பு. நேரு உதவி கேட்ட கென்னடி என்ன நிலையில் இருந்தார் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். அடுத்தது 1971 டிசம்பர், வங்கதேசப் போர். அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வங்கக் கடலுக்கு வந்தது, சோவியத் கப்பல்கள் பின்தொடர்ந்தன, இது உண்மை. சோவியத் நீர்மூழ்கி முன்னால் எழும்பி நின்றதும் அமெரிக்கக் கப்பல் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைக்குப் பதில், நிக்சனும் கிசிஞ்சரும் பேசிய பதிவுகளின் எழுத்து வடிவத்தைப் படியுங்கள். அவர்கள் கண் டாக்காவில் பாதி, சீனா தங்களைப் பற்றி என்ன நினைக்கும் என்பதில் பாதி.

பணமும் படிப்புமாக வந்த பகையும் உண்டு. பம்பாய் ஐஐடிக்குச் சோவியத் உதவி, கான்பூருக்கு அமெரிக்கா, சென்னைக்கு மேற்கு ஜெர்மனி. மாஸ்கோவில் தமிழிலேயே அச்சடித்த முன்னேற்றப் பதிப்பகப் புத்தகங்கள் நியூ செஞ்சுரி கடைகளில் மலிவாகக் கிடைத்தன, ‘சோவியத் நாடு’ இதழ் தமிழில் வந்தது. வீட்டுப் பரணில் ஒன்றிரண்டு கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். அந்தப் பக்கம் தன்னை நமக்கு எப்படிக் காட்ட விரும்பியது என்பதற்கு அது முதல்தரச் சான்று.

ஆவணங்களைத் தொடும்போது

முதலில் ஒரு சுருக்கமான பொது வரலாறு, ஒரே மூச்சில், குறிப்பெடுக்காமல். அப்புறம் நேராக ஆவணம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆவணத் தொகுதிகள் இணையத்தில் இலவசம். கென்னடி தன் ஆலோசனைக் கூட்டங்களை ரகசியமாகப் பதிவு செய்திருந்தார், அந்த ஒலிகளை அவர் பெயரிலுள்ள நூலகத்தின் தளத்தில் கேட்கலாம். ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசியப் பாதுகாப்பு ஆவணக் காப்பகம், பெயர் அப்படி இருந்தாலும் அரசாங்கத்துடையது இல்லை, வழக்குப் போட்டுக் காகிதங்களை வெளியே இழுப்பவர்கள். ரஷ்ய மொழியிலிருந்து மொழிபெயர்த்தவை வில்சன் மையத்தின் மின் காப்பகத்தில் நிறைய.

கறுப்பு மை பூசிய பக்கம் வந்தால் உடனே சலித்துக்கொள்ள வேண்டாம். அதே ஆவணம் வேறொரு வருடத்தில் மறுபடி வெளியாகியிருக்கலாம், முதல் முறை மறைத்த வரி இரண்டாம் முறை திறந்திருக்கும், என்ன மறைத்தார்கள் என்பதே அப்போது ஒரு தகவல். பெரிய ஆபத்து வேறு. அமெரிக்கப் பக்கம் காகிதம் மலைபோல இருக்கிறது. சோவியத் பக்கம் 1990-களில் கொஞ்ச நாள் திறந்த கதவு பிறகு பெரும்பாலும் சாத்திக்கொண்டது, குருஷேவ் காலத் தலைமைக் கூட்டங்களுக்கு மாலின் என்ற அதிகாரி கையால் எழுதிய அரைகுறைக் குறிப்புகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. காகிதம் அதிகம் உள்ளவர்கள் யோசித்து நடந்தவர்களாகவும், இல்லாதவர்கள் முரடர்களாகவும் நமக்குத் தெரிவார்கள். உங்கள் நோட்டில் இடது பக்கம் நிரம்பி வலது பக்கம் காலியாக இருந்தால், அந்தக் காலி இடத்தை ஊகத்தால் நிரப்பாமல் அப்படியே விடுங்கள்.

எண்களிலும் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவின் உச்சம் 1967-ல் 31,255 அணு ஆயுதங்கள், இது அரசாங்கமே வெளியிட்டது. சோவியத்தின் உச்சம் 1986 வாக்கில் 40,000 என்பது மதிப்பீடு. இரண்டையும் ஒரே அட்டவணையில் ஒரே மாதிரி எழுதாதீர்கள், பின்னதைப் பென்சிலில் எழுதுங்கள்.

எங்கே நிறுத்துவது? 1989 நவம்பர் 9-ல் சுவர் திறந்தது நல்ல காட்சிதான், ஆனால் அது ஜெர்மனியின் முடிவு. ஆயுதக் கதைக்கு 1991 டிசம்பர் 25, கோர்பச்சேவ் பதவி விலகிய அன்று, குண்டுகளின் கட்டுப்பாடு யெல்ட்சினிடம் போன இரவு. அங்கே நோட்டை முடியுங்கள். 1987 ஒப்பந்தம் 2019-ல் செத்ததும், 2010-ல் போட்ட அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்தின் கெடு 2026 பிப்ரவரி 5-உடன் தீர்வதும், தொழிற்சாலை வாசலில் இருந்த நாற்காலிகள் காலியானதும் இன்னொரு கதை. அதற்குப் புது நோட்டு வாங்குங்கள், பக்கத்தை இரண்டாக இல்லாமல் மூன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கும், பெய்ஜிங்குக்கும் ஒரு பத்தி வேண்டும்.